மூக்கில் வைத்த பொட்டு

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த விமானப் பழுது பார்க்கும் பட்டறையில் இப்போது என் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"யக்கா, ஆயுத பூஜைக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. டூல்ஸுக்கு, மெஷினுக்கு எல்லாம் பொட்டு வைக்கலாமாம். மூக்குக்கு மட்டும் வைக்கக் கூடாதாம். தேசிங்கு கேஸுதான் காரணம்னு பேசிக்கிறாங்க. இன்னாக்கா அது? நெசமாவே பொட்டு வச்சதாலதான் மின்னல் அடிச்சிச்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மனுஷனின் பெயரையே கேஸுக்கு வைத்துவிட்டார்களே!

"எனக்குத் தெரியாதுடி" என்றேன்.

"நீங்க கூடவே இருந்தீங்களாமே?"

"கூடவே இருந்ததாலதான் தெரியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் சார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது. கடைசியில் விடை வரும் என்று யாராவது காத்திருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன்: வராது. எனக்கு அன்றைக்கு இருந்த குழப்பம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

என் பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கம் குப்பத்தில் பிறந்தேன். அப்பா மீன் பிடிக்கப் போனவர். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த காலம் அது. படகு பாறையில் உரசி ஓட்டையானால் கண்ணாடி நார்ப் பாயை வெட்டி, ரெசினைக் குழைத்துப் பூசி ஒட்டுவார்கள். அந்த நெடி எனக்கு மீன் வாசனை மாதிரி பழக்கம். ஐ.டி.ஐ. முடித்ததும் மீனம்பாக்கம் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறையில் ஃபைபர் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. "அங்கேயும் படகுதானாம்மா?" என்று அப்பா கேட்டார். "மூக்குப்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் எனக்கு அப்போது தெரியாது.

விமானத்தின் மூக்குக் கூம்பு இருக்கிறதே, அதற்கு ரேடோம் என்று பெயர். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அது மூக்குதான். விமானம் முழுக்க உலோகம் என்றாலும் மூக்கு மட்டும் கண்ணாடி நாரில் செய்தது. ஏனென்றால் அதற்குள்ளே மழை மேகத்தைப் பார்க்கிற ரேடார் உட்கார்ந்திருக்கிறது. உலோகத்தால் மூடினால் ரேடாருக்குக் கண் தெரியாது. உலோகம் இல்லாமல் விட்டால் மின்னல் இறங்க வழி தெரியாமல் மூக்கைப் பொத்துக்கொண்டு உள்ளே போகும். இதற்கு நடுவில் ஒரு சமாதானம் செய்து வைத்திருக்கிறார்கள். மூக்கின் மேல் நுனிப் பக்கத்திலிருந்து பின்னால் வரை ஒல்லியான பட்டைகள் ஓடும். மின்னல் வந்தால் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் உலோக உடம்புக்குப் போய், வால் வழியாகவோ இறக்கை வழியாகவோ வெளியே போய்விட வேண்டும். சில பட்டைகள் முழு உலோகம். சிலவற்றில் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள் வரிசையாக இருக்கும், மின்னல் ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடும்.

"நாமம் போட்டவர் கையால விமானத்துக்குப் பட்டை" என்று எங்கள் பெயிண்டர் தேசிங்கு கிண்டல் செய்வான். நாமக்காரர் எங்கள் கோதண்டராமன் சார். மூக்கு செக்‌ஷனுக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். மயிலாப்பூர்க்காரர். அவர் முத்திரை குத்தினால்தான் மூக்கு வெளியே போகும். கிண்டல் அவர் காதில் விழும். "பட்டையும் நாமமும் சேர்ந்தாத்தான்டா பத்திரம்" என்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வதால் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவர் தட்டிப் பார்க்கிற அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். மூக்கு என்பது இரண்டு தோல், நடுவில் தேன்கூடு மாதிரி ஒரு அடுக்கு. தோல் எங்காவது விட்டுப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அதற்கென்று ஒரு சின்னச் சுத்தியல் உண்டு. சார் வந்து நின்றதும் முதல் வேலை, "ஸ்டெல்லா, அந்த ஃபேனை அணை. கம்ப்ரசரையும் நிறுத்தச் சொல்லு. எல்லாரும் கொஞ்ச நாழி வாயை மூடிண்டா க்ஷேமம்." பிறகு இடது உள்ளங்கையை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையளவு இடத்துக்கு ஒரு தட்டாக நுனியிலிருந்து சுற்றிச் சுற்றி வருவார். நல்ல இடம் 'டண்' என்னும். கெட்ட இடம் 'டொப்' என்னும். வியர்வை ஊற்றும் எங்களுக்கு. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், ஆனாலும் அவசரப்படமாட்டார். சந்தேகம் வந்த இடத்தில் நின்று, "இங்க வந்து நீ கேளு" என்று என்னைக் கூப்பிடுவார். எனக்கும் 'டொப்' என்று கேட்டால்தான் பென்சிலால் வட்டம் போடுவார்.

தட்டி முடித்ததும் ஈரம் பார்க்கும் மீட்டர். தேன்கூட்டுக்குள் தண்ணீர் தங்கியிருந்தால் மின்னல் சூட்டில் அது ஆவியாகி மூக்கே வெடித்துவிடும். அப்புறம் பட்டையின் அடியிலிருந்து உலோக வளையம் வரைக்கும் மின்சாரம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று ஒரு மீட்டர். கடைசியில் பெயிண்டின் கனம். கூடினால் ரேடார் மங்கும், குறைந்தால் மழையே அரித்துவிடும். பெயிண்ட் தேசிங்கு வேலை. பட்டைப் பொட்டுகளின் மேல் ஒரு துளி பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்து, அவன் ஸ்ப்ரே கன்னை ஆட்டுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கை.

தேசிங்கு கான்ட்ராக்ட் பெயிண்டர். கூவம் ஓரம் குடியிருந்தவன், அங்கிருந்து தூக்கி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்டுவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவான். வாய் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு மூக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, ஸ்டாண்டில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்ப்ரே கன், கம்ப்ரசர், சாரின் தட்டுச் சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான் மாதாவைக் கும்பிடுகிறவள்தான். ஆயுத பூஜைக்கு என் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைக்காமல் ஒரு வருஷமும் விட்டதில்லை, அது வேலைக்குக் காட்டுகிற மரியாதை. தேசிங்கு சந்தனக் கிண்ணத்தோடு மூக்கின் முன்னால் போய் நின்றான்.

"இம்மாந் துண்டு ஸ்பேனருக்கு வச்சிட்டு, ராஜா மாரி நிக்கிறாரு இவுருக்கு வைக்காம வுட்டா நல்லாவா கீது?" என்று கேட்டுக்கொண்டே, நட்டநடு முகப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தான். எல்லோரும் கை தட்டினோம். நான் போனில் படம் எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். சார் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. லீவு முடிஞ்சு வந்த உடனே சுத்தமாத் துடைச்சுடு, என்ன?" என்றார். பொரி சாப்பிட்டோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம், வீட்டுக்குப் போனோம்.

லீவு முடிந்து வந்து துடைத்தால் சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. வெள்ளைப் பெயிண்டில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல். தேசிங்கு முகம் சுண்டிப் போய்விட்டது. அனுமதிக்கப்பட்ட திரவத்தை வைத்தே மெல்லத் தேய்த்து எடுத்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியுமோ என்னவோ, அந்த அளவுக்குப் போய்விட்டது. சார் விட்டுவிடவில்லை. ஃபேனை அணைக்கச் சொல்லி மறுபடி தட்டினார், ஈரம் பார்த்தார், பெயிண்டின் கனம் பார்த்தார். எல்லாம் சரி. முத்திரை குத்தினார். மூக்கு போயிற்று.

ஐப்பசி மழையில் அந்த விமானத்தை மின்னல் அடித்தது. பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மின்னல் வாங்காத விமானம் கிடையாது, அதற்காகத்தானே இத்தனை ஏற்பாடு. ரேடார் படம் மங்கிப் போனதோடு பத்திரமாக இறங்கிவிட்டது. ஆனால் மூக்கைக் கழற்றி எங்களிடம் கொண்டுவந்தபோது நான் முதலில் பட்டைகளைத்தான் பார்த்தேன். பட்டைகளில் மின்னல் ஓடிய அடையாளமே இல்லை. பட்டைகளுக்கு நடுவே, நட்டநடு முகப்பில், ஓரம் கருகி ஒரு ஓட்டை. சுற்றிலும் தட்டினால் 'டொப்', 'டொப்'.

பொட்டு வைத்த இடம்!

தேசிங்கு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டான்.

பட்டறை இரண்டு பட்டது. "குங்குமத்துல இன்னா கலக்குறானுங்களோ, இரும்புத் தூளுகூட இருக்கும், அதான் இழுத்துச்சு" என்று ஒரு கூட்டம். "வச்ச பொட்டைக் கெமிக்கல் போட்டு அழிச்சா சாமி சும்மா வுடுமா?" என்று இன்னொரு கூட்டம். ஒருவன் வைத்ததால் அடித்தது என்கிறான், மற்றவன் அழித்ததால் அடித்தது என்கிறான். இரண்டு பேருமே தேசிங்கைத்தான் பார்க்கிறார்கள்!

குவாலிட்டி மேனேஜர் சாரையும் என்னையும் கூப்பிட்டார். தங்கமான மனுஷர், குரலை உயர்த்திப் பேசமாட்டார். குழுவில் நான் போட்ட படத்தையும் ஓட்டையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"நான் யாரையும் குறை சொல்லல சார். ஆனா காரணம்னு ஒண்ணு எழுதித்தான் ஆகணும். குங்குமம் மாதிரி வெளிப் பொருள் பட்டதுன்னு எழுதினா விஷயம் இதோட முடிஞ்சுடும்."

"எழுதினா அந்தப் பையன் கதி?" என்று சார் கேட்டார்.

"கேட் பாஸை எடுத்துடுவாங்க. வேற எந்த விமான ஹேங்கருக்குள்ளயும் விடமாட்டாங்க. வேற வழியில்ல சார்."

"முகப்பு நடுவுலதான் உள்ள ரேடார் ரொம்பக் கிட்டக்க இருக்கு. பொட்டு இல்லேன்னாலும் மின்னலுக்கு அந்த இடத்து மேல ஒரு கண்ணு உண்டு. தெரியாம ஒருத்தன் பொழைப்புல கை வைக்க மாட்டேன். சோதிச்சுப் பார்த்துட்டு எழுதறேன்."

சோதித்தோம். மூக்கு செய்கிற மாதிரியே பட்டையும் ஒட்டி நான் பலகைகள் செய்தேன், தேசிங்கு பெயிண்ட் அடித்தான். சிலவற்றில் அதே கடைக் குங்குமத்தை வைத்து, அதே மாதிரி துடைத்தோம். சில வெறும் பலகைகள். நகரத்தில் ஒரு கல்லூரியின் மின்சார ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனோம். பெரிய கோளத்திலிருந்து செயற்கை மின்னல் இறங்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நாங்கள் கம்பி வலைக்குப் பின்னால் நின்றோம். தேசிங்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் பொட்டுப் பலகை. படீர்! மின்னல் சமத்தாகப் பட்டைக்கு ஓடிவிட்டது. அடுத்து வெறும் பலகை. படீர்! நடுவில் ஓட்டை. தேசிங்கு ஒரு குதி குதித்தான். "பாத்தியாக்கா! பொட்டு காப்பாத்துது!" நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அடுத்த ஜோடியில் பொட்டுப் பலகை ஓட்டையானது, வெறும் பலகை தப்பித்தது. அதற்கடுத்த ஜோடியில் இரண்டுமே தப்பித்தன. பேராசிரியர் கையை விரித்தார். "இன்னும் நெறைய பலகை அடிச்சாத்தான் ஏதாச்சும் சொல்ல முடியும். அப்பவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுதான் சொல்லுவேன்." படித்தவர் இப்படிச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

திரும்பி வந்து சார் எழுதினார்: காரணம் உறுதிப்படவில்லை.

சாருக்கு ஓய்வு வயது நெருங்கியிருந்தது. நீட்டிப்பு கொடுப்பதாகப் பேச்சு. காரணம் தெரியாமல் போனால் அப்புறம் எல்லாக் கண்ணும் முத்திரை குத்தியவர் மேல்தானே திரும்பும்? நீட்டிப்பு வரவில்லை. ஒரு சால்வை, ஒரு சாமி படம், அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சார் சுத்தியலை என் மேஜையில் வைத்துவிட்டு, "வரட்டுமா ஸ்டெல்லா" என்று கிளம்பிவிட்டார்.

தேசிங்கின் வேலை நிலைத்தது. ஆனால் அவன் நிலைக்கவில்லை.

"தெரியலன்னு எழுதிக்கிறாரே, நான் இல்லன்னு எழுதலயேக்கா. நான்தான்னா? நாள பின்ன நம்ம கை பட்ட மூக்கு மறுபடியும் ஓட்டையாச்சுன்னா?" கன்னைப் பிடித்தாலே அந்த ஓட்டைதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது என்றான். ஒரு நாள் போனவன் வரவில்லை. ஆதம்பாக்கத்தில் ஒரு கார் டிங்கரிங் ஷெட்டில் பெயிண்ட் அடிப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்த மழைக்காலம், நான் ஓய்வு பெறப் போகிற சமயம், இன்னொரு மூக்கு வந்தது. அதே ரக விமானம். கருகிய ஓரம், நட்டநடு முகப்பு, பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மூக்கை எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒட்டிச் செய்தது, சார் தட்டிப் பார்த்து முத்திரை குத்தியது. முந்தின வருஷம், சார் வேலையில் இருந்தபோதே, கத்திரி வெயிலில் வெளியே போனது. எங்கள் பட்டறை ஆயுத பூஜையையே பார்க்காத மூக்கு!

மேனேஜரிடம் ஓடினேன். "இது வேற கேஸ், அது வேற கேஸ் மேடம். பழசைக் கிளறினா எல்லாம் கோதண்டராமன் சார் பேருக்குத்தான் போகும், பரவாயில்லையா?" என்றார். அந்த ரகத்து மூக்குகள் எல்லாவற்றையும் கழற்றிச் சோதித்தார்கள். எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மின்னல் கொஞ்சம் பலமாக அடித்திருக்கும் என்று முடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் நேரே ஆதம்பாக்கம் போனேன். தேசிங்கு ஒரு கார்க் கதவுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். டேப்பை அப்படியே கீழே போட்டான்.

"பொட்டே வைக்காததா? மெய்யாலுமா? மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்டா."

ஷெட்டே அதிரக் கத்தினான். பொண்டாட்டிக்குப் போன் போட்டான். "நான் இல்லம்மே! கேக்குதா? நான் இல்ல!" எதிர் முனையில் அவள் என்ன கேட்டாளோ, இவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னான். டீ வந்தது. ஒரு வாய் குடித்தவன் அப்படியே நிறுத்தினான்.

"யக்கா, அந்த மூக்கை யாரு தட்டிப் பாத்தது?"

"சார்தான்."

"அப்ப ரெண்டுமே சாரு பாத்தது."

"நானும்தான் ஒட்டினேன். சாரை மட்டும் சொல்ல முடியுமா? யாருமே காரணம் இல்லாமலும் இருக்கும்டா. எனக்கே ஒண்ணும் புரியல."

"உனக்குப் புரியல, சரி. அவுரு வூட்ல தனியா ஒக்காந்துக்கினு இதையே யோசிப்பாரேக்கா. எங்க கோட்ட வுட்டோம், எங்க கோட்ட வுட்டோம்னு. நான் ஒரு வருசம் யோசிச்சேன், எனக்குத்தான் தெரியும் அது இன்னா மாரி கீதுன்னு." டம்ளரைக் கீழே வைத்தான். "அவுருகிட்ட இத்த சொல்லாத. வேற யார்கிட்டயும் சொல்லாத. பொட்டுன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"பைத்தியமாடா உனக்கு? இப்பத்தான் இல்ல இல்லன்னு கத்தின!"

"கத்திட்டேன் இல்ல, போதும். என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா போதும்."

திட்டித் தீர்த்தேன். அவன் அசையவில்லை. கடைசியில் எனக்கும் அழுகை வந்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் சாரைப் பார்க்க மயிலாப்பூர் போனேன். இளைத்திருந்தார். மாமி காபி கொடுத்தார். பட்டறைக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"அந்த மூக்கைப் பத்தி யோசிச்சிண்டே இருந்தேன் ஸ்டெல்லா. ஆத்துல வேற என்ன வேலை? சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்கறதுன்னா, பொட்டுதான். நாம பார்த்ததுல வேற ஒண்ணுமே தப்பில்லை. அதைத்தவிர வேற எதுவும் இருக்க முடியாது, இல்லையா?"

சொல்லிவிட வாயெடுத்தேன். இல்லை சார், இன்னொரு மூக்கு இருக்கிறது சார். அவர் முகத்தைப் பார்த்தேன். கேள்வி கேட்டவர் மாதிரி இல்லை, கணக்கை முடித்துவிட்டவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எது தர்மம், எது அதர்மம்? எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

"ஆமா சார்" என்றேன்.

"அவன் என்ன பண்ணுவான் பாவம், பக்தியிலதானே வச்சான்? என் நீட்டிப்பு போனதுல ஆரம்பத்துல கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இப்போ இல்லை. தேசிங்கைப் பார்த்தா, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு. மறந்துடாதே."

தெருமுனைக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் ஆத்திரம் என்றும் தெரியவில்லை. செய்யாத தப்புக்கு ஒருத்தனுக்கு மன்னிப்பு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நானா கிடைத்தேன்! அங்கேயே நின்று தேசிங்குக்குப் போன் செய்து, சார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கோபப்படுவான், இரண்டு வார்த்தை திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்பாடா" என்றான். "நல்லா தூங்குறாராமா?"